வண்டியும் வழியும் – 14: முதலில் கிழிவது ரப்பர்

ஆடிப்பூரத் தேரைப் பார்த்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அச்சு என்றால் பாரம் தாங்கும் உத்திரம். முன்சக்கரம் இழுக்கும் காரில் அச்சுக்கு வேறு வேலை. வண்டியின் பாரத்தை ஹப் பேரிங் சுமக்கிறது. இன்ஜினின் முறுக்கைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது டிரைவ் ஷாஃப்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலும், சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அது விடாமல் சுற்ற வேண்டும்.

அம்பாசிடரும் பத்மினியும் பின்சக்கர வண்டிகள். 1983 டிசம்பரில் முன்சக்கரம் இழுக்கும் மாருதி 800 வந்த பிறகே நம் ஒர்க்‌ஷாப்புகளில், டிரைவ் ஷாஃப்ட்டை மடங்கியபடியே சுற்றவைக்கும் சி.வி. ஜாயின்ட் என்ற பேச்சு பரவியது. ஃபோர்டு பொறியாளர் ஆல்பிரட் ரெப்பா 1920களில் வடிவமைத்த மூட்டு அது: ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடிக்கும் கூடு, குண்டுகள் ஓடும் பள்ளங்கள். இத்தனையையும் மூடியிருப்பது துருத்தி போல மடிப்பு மடிப்பான ரப்பர் பூட். அதற்குள் கறுப்பு கிரீஸ்.

பனிநாடுகளில் சாலையில் தூவும் உப்பு அச்சைத் துருப்பிடிக்க வைக்கிறது. நமக்கு எதிரி வெயிலும் புழுதியும். சித்திரை, வைகாசி வெயிலில் ரப்பர் இறுகி, மடிப்பின் அடியில் மயிரிழையாய் வெடிக்கும். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் பக்கமும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புப் பக்கமும் தோப்புக்குப் போய்வரும் வண்டிகளைப் பாருங்கள். கல்லும் முள்ளும் அந்த வெடிப்பைக் கிழித்துவிடும். சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். ஐப்பசி மழையில் சேறும் மணலும் உள்ளே புகும். மணல் கலந்த கிரீஸ் உப்புத்தாள் வேலை செய்கிறது. சில மாதங்களில் திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். அப்போது பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. பள்ளம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி அதிர்ந்தால் கியர்பாக்ஸை ஒட்டிய உள்பக்க ஜாயின்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அச்சை மாற்றியே ஆக வேண்டும் என்றால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பளபளவென்று பெயின்ட் அடித்த ரீகண்டிஷன் அச்சில் பழைய பள்ளம் தேய்ந்தபடியே இருக்கலாம். கையில் வாங்கி ஜாயின்ட்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள்: ஆட்டமோ, ஓரிடத்தில் பிடிப்போ இருந்தால் வேண்டாம். பழையதோடு பக்கத்தில் வைத்து நீளத்தையும் பல்லையும் ஒப்பிடுங்கள். ஏ.பி.எஸ். வண்டியில் அச்சோடு பல் வளையம் இருந்தால் அந்தப் பல்லையும் எண்ணுங்கள். பூட்டின் தரத்தில்தான் அச்சின் ஆயுள் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கடைக்காரரிடம் முதலில் அதைக் கேளுங்கள். மாலிப்டினம் கலந்த கிரீஸ்தான் போட வேண்டும். சாதா கிரீஸ் ஆகாது. ஹப் நட் புதிதாகவே இருக்கட்டும், டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கட்டும். கியர்பாக்ஸ் ஆயில் சீலையும் அதே வேலையில் மாற்றிவிடுவது நல்லது.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு காலையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்துங்கள். டார்ச் அடித்து முன்சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். பூட்டில் வெடிப்போ, ரிம்மின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்த கறையோ தெரிந்தால் சத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.