சதுரங்கத் தரப்புள்ளி: பெற்றோர் அறிய வேண்டிய கணக்கு

நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் சதுரங்கம் பழகும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். பெற்றோர் இருவர் சந்தித்துக்கொண்டால், "உங்க பையனுக்கு ரேட்டிங் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. என் மகளும் சில ஆண்டுகளாக ஆடி வருகிறாள். அந்த எண் எப்படி வருகிறது என்று பலர் கேட்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கணக்கை வகுத்தவர் அர்பாத் ஈலோ. நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டுப் போனவர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் இவர் முறையை ஏற்றன.

அடிப்படை எளிது. இருவருடைய எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, யார் எவ்வளவு எடுப்பார் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். வெற்றிக்கு 1, சமனுக்கு அரை. இருவரும் சம எண் என்றால் எதிர்பார்ப்பு 0.50. நூறு புள்ளி கூடுதலாக உள்ளவரிடம் எதிர்பார்ப்பது 0.64, இருநூறு கூடுதல் என்றால் 0.76. ஆட்டம் முடிந்ததும், எடுத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நீண்ட நேர ஆட்டத்தில், புதிதாக வந்தவர்களுக்கும் 2300-க்குக் கீழுள்ள சிறுவர்களுக்கும் அந்த எண் 40. 2400-ஐ ஒருமுறை தொட்டவர்களுக்கு 10. மற்றவர்களுக்கு 20.

உதாரணமாக, 1600 உள்ள சிறுமி 1500 உள்ளவரிடம் தோற்றால் 25.6 புள்ளி போய்விடும், வென்றால் 14.4 மட்டுமே கூடும். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் தன்னைவிட நூறு குறைந்தவரிடம் தோற்றால் போவது 6.4தான். பிள்ளைகளின் எண் ஊஞ்சல்போல ஆடுவதற்குக் காரணம் இதுவே. வளரும் வயதில் உண்மையான பலத்தை எண் சீக்கிரம் எட்டிப் பிடிக்கட்டும் என்றே இப்படி வைத்திருக்கிறார்கள்.

2024 மார்ச்சில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் பத்தில் நான்கு பங்கை ஃபிடே கூட்டிக் கொடுத்தது. 1200 வைத்திருந்த பிள்ளை மறுநாள் 1520. ஆனால் அன்று காலை அந்தப் பிள்ளை புதிதாக ஒரு நகர்த்தலும் கற்றுக்கொள்ளவில்லை!

எண் வேறு, பட்டம் வேறு. கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500-ஐத் தொடுவதோடு மூன்று 'நார்ம்'களும் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளை பிரணவ் ஆனந்த் 2022 செப்டம்பரில் ருமேனியாவில் 2500-ஐக் கடந்து, இந்தியாவின் 76-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். எண் பிறகு இறங்கினாலும் பட்டம் போகாது. தரவரிசையில் முதலிடம் என்பதும் உலகச் சாம்பியன் என்பதும்கூட ஒன்றல்ல. 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று சாம்பியனானபோது, பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன்.

இவ்வளவும் எழுதக் காரணம் எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு பையன். 1700 வந்ததும் போட்டிக்கே போக மாட்டேன் என்று நின்றுவிட்டான். "போனா குறைஞ்சிடும் மாமா" என்பான். ஓராண்டு ஆடாமல் இருந்தால் எண் அப்படியே இருக்கும். ஆனால் பட்டியலில் ஆடாதவர் என்ற குறி விழும். அதற்குள் கூடப் பழகியவர்கள் முன்னே போய்விட்டார்கள். எண்ணைக் காப்பாற்றப் போய் ஆட்டத்தையே விட்டுவிட்டான். அப்பாவும் அம்மாவும் வீட்டில் தினமும் அந்த எண்ணைப் பற்றியே பேசினால் பிள்ளை வேறு என்ன செய்யும்?

எனவே பெற்றோருக்கு என் யோசனைகள் மூன்று. ஒன்று, ஒரு போட்டியை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆறு மாதப் போக்கைப் பாருங்கள். இரண்டு, குறைந்த எண் உள்ள சிறுவனிடம் தோற்றால் திட்டாதீர்கள். அவன் வேகமாக வளர்ந்திருப்பான். அவன் எண் இன்னும் பின்தங்கியிருக்கும். மூன்று, பலமானவர்களோடு ஆடவிடுங்கள். இருநூறு கூடுதல் உள்ளவரிடம் சமன் செய்தாலே 10.4 கூடும், தோற்றால் போவது 9.6தான்.

ஃபிடேயின் இணையதளத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆட்டவாரியாக இந்தக் கணக்கு இருக்கிறது. மாதத்தின் முதல் நாள் புதிய பட்டியல் வரும். அன்று பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, பென்சிலும் தாளுமாக நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கழித்தலும் பெருக்கலும்தான் என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.