புதுச் சவரக்கத்தியைத் தயார்செய்தல்
மடக்குச் சவரக்கத்திக்கு மாற்று பிளேடு கிடையாது. ஒரே எஃகுத் தகட்டைத் தீட்டித் தீட்டியே பல்லாண்டுகள் பயன்படுத்தலாம். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் ஆகிய ஊர்கள் இக்கத்திகளுக்குப் பெயர்பெற்றவை. தமிழ்நாட்டுச் சலூன்களில் இன்று காண்பது உருவத்தில் ஒத்திருந்தாலும் வேறு வகை. பாதியாக ஒடித்த பிளேடை அதில் செருகி, ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்கள்.

புதிதாகப் பழகுபவருக்கு 5/8 அங்குல அகலமும், இருபுறமும் உட்குழிந்த பக்கங்களும் கொண்ட கார்பன் எஃகுக் கத்தி ஏற்றது. அதை எளிதில் தீட்டலாம். ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும்.

பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கத்தி பெரும்பாலும் முகத்துக்குத் தயாராக இருப்பதில்லை. தொழிற்சாலையில் இட்ட கூர் தாளை வெட்டும், தாடியைப் பிடித்து இழுக்கும். முதல் சவரத்திலேயே எரிச்சல் கண்டு கத்தியைக் கைவிடுபவர்கள் பலர். குற்றம் அவர்கள் கையில் இல்லை, கத்தியின் தீட்டப்படாத வாயில்தான்.

தீட்டும் கோணத்தைக் கத்தியே காட்டிக்கொடுக்கிறது. அதன் அமைப்பில் மிக அழகான பகுதி இதுவே. முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படியவைத்தால் போதும். முதுகின் தடிமனே சரியான சாய்வைத் தந்துவிடும். நனைத்த சமதளக் கல்லில், வாய் முன்னே செல்லும்படி, கத்தியின் எடைக்கு மேல் அழுத்தாமல் தள்ள வேண்டும். திரும்பும்போது முதுகின் மேல் புரட்டி மறுபக்கத்தை இழுக்க வேண்டும். 1000 எண் கல்லில் வாயின் இரு சரிவுகளும் ஒன்றையொன்று தொடும் நிலை உருவாகும். 4000, 8000, 12000 என நுண்மையான கற்களில் அது மெருகேறும். கல் எங்கே படுகிறது என்பதை அறிய, விளிம்பில் மார்க்கர் மையைப் பூசிச் சில முறை தள்ளிப் பார்க்கலாம். மை மிஞ்சிய இடத்தைக் கல் தொடவில்லை. முதல் கத்தியைத் தீட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்குவதே நல்லது. சரியான கூர் எப்படியிருக்கும் என்று தெரியாமல் கல்லைத் தொட்டால் கத்திதான் தேயும்.

அடுத்தது தோல்வாரில் தீட்டுவது. இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. மாற்றிச் செய்தால் தோல் வெட்டுப்படும், கூரும் போகும். வாரைத் தளராமல் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சவரத்துக்கும் முன் துணிப்பட்டையில் 20, தோலில் 50 தடவை தீட்டுவது வழக்கம்.

வெந்நீரில் சில நிமிடம் ஊறிய தாடியில் பிரஷால் அடர்ந்த நுரை பூசி, முதலில் கன்னத்தை மட்டும் மழித்துப் பழகலாம். தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 பாகை சாய்த்து, முடி வளரும் திசையிலேயே குறுகிய இழுப்புகளாக மழிக்க வேண்டும். கத்தி வாயின் நீளவாக்கில் பக்கவாட்டாக நகர்த்தினால் தோல் அறுபடும். தாடையும் மேலுதடும் கைபழகிய பிறகு.

முடிந்ததும் கத்தியை அலசி, பிடி இணையும் இடம்வரை துடைத்து உலர்த்த வேண்டும். சில நாள் பயன்படுத்தாவிட்டால் தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசி வைக்கலாம். தோல்வாரில் தீட்டியும் முடி இழுபடத் தொடங்கினால், மீண்டும் நுண்மையான கல்லுக்கு எடுத்துச்செல்லும் நேரம் வந்துவிட்டது.