கண்ணாடி நீரும் திறவாத கதவும்

கனடா தேசத்தின் மேற்குக் கரையில், தீவுகளும் கடற்கழிகளும் பின்னிக் கிடக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், நாம் பஸ் ஏறுவதுபோல விமானம் ஏறி ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருவோர் உண்டு. ஓடுபாதை அமைக்கச் சமதரை அகப்படாத அந்த ஊர்களுக்கு, சக்கரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நீண்ட மிதவைகளைப் பூண்ட சிறு விமானங்களே முக்கிய வாகனம். 1947-இல் முதன்முதலாகப் பறந்த ‘பீவர்’ என்னும் விமானம் இன்னமும் அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறது.

நீரில் இறங்குவதில் ஆபத்து எது என்று கேட்டால், கொந்தளிக்கும் அலை என்றே நாம் சொல்வோம். அனுபவமுள்ள விமானிகளோ, காற்று முற்றும் அடங்கி, கரையிலுள்ள மலை தலைகீழாகத் தெரியும்படி ஏரி பளபளக்கும் வேளையையும் சேர்த்தே அஞ்சுகிறார்கள். பார்வைக்குப் பற்றுக்கோடாக ஒரு சிற்றலையேனும் இல்லாதபோது, நீர்மட்டம் ஐம்பதடி கீழே இருக்கிறதா, ஐந்தடி கீழே இருக்கிறதா என்பதைக் கண்ணால் நிர்ணயிக்க இயலாது. இன்னும் உயரத்தில் இருக்கிறோம் என்னும் பிரமையில் இறங்கிக்கொண்டே போனவர் வேகம் குறையாமல் நீரில் மோதுகிறார். நீரை நெருங்கிவிட்டோம் என்று எண்ணி மூக்கைத் தூக்கியவரோ, வேகம் குன்றி, உயரத்திலிருந்தே விழுகிறார். ஆகவே, கரையை ஒட்டி வந்து, மூக்கைச் சற்றே உயர்த்தி, என்ஜினுக்குக் கொஞ்சம் விசை கொடுத்து, நிமிஷத்துக்கு 150 அடிக்கு மேற்படாத வேகத்தில், மிதவை தானாக நீரைத் தொடும்வரை பொறுமையோடு இறங்கவேண்டும் என்று கற்பிக்கிறார்கள். இந்தப் பொறுமைக்கு நீளமான நீர்ப்பரப்பு வேண்டும். சிறிய ஏரிகளில் அது கிடைப்பதில்லை.

பாதி மூழ்கி மிதக்கும் மரக்கட்டைகளும், சக்கரமும் மிதவையும் சேர்ந்த விமானத்தில் சக்கரத்தை உள்ளிழுக்க மறந்து நீரில் இறங்குவதும் வேறு வகை விபத்துக்குக் காரணங்கள். காரணம் எதுவாயினும் விளைவு பெரும்பாலும் ஒன்றே. என்ஜினும் இறக்கையும் மிதவைகளுக்கு மேலே வெகு உயரத்தில் அமைந்திருப்பதால், மிதவையின் முனை நீரில் புதைந்த மாத்திரத்தில் விமானம் குட்டிக்கரணம் அடிக்கிறது. மிதவைகள் மேலே நிற்க, பிரயாணிகள் அமர்ந்திருக்கும் அறை அவற்றின் அடியில் நீருக்குள் தொங்குகிறது.

நீரில் விழுந்து மூழ்கிய விமானங்களில் மாண்டவர்களுள் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் நீரில் மூழ்கியே இறந்தனர் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. 2009 நவம்பர் 29-ஆம் தேதி சாட்டர்னா தீவினருகே ஒரு பீவர் விமானம் நீரிலிருந்து எழும்பிய சற்று நேரத்தில் விழுந்தபோது, அதிலிருந்த எட்டுப் பேரில் இருவரே வெளியே வந்தனர். நான்கு கதவுகளில் இரண்டு மோதலில் இறுகிப்போயிருந்தன. 2018 ஆகஸ்டில் வடமேற்குப் பிரதேசத்தின் லிட்டில் டாக்டர் ஏரியில் ஒரு செஸ்னா 206 கவிழ்ந்து, ஐவரில் மூன்று பிரயாணிகள் மூழ்கினர். அந்த ரக விமானத்தில், இறங்குவதற்காகத் தாழ்த்திய இறக்கை மடல் பின்புறத்து இரட்டைக் கதவின் பாதையில் வந்து நிற்கிறது. முன்கதவு சில அங்குலமே திறக்கும். பிறகு பின்கதவைத் திறக்கத் தனியே ஒரு நெம்புகோலைத் தேடிப் பிடிக்கவேண்டும். இருட்டில், தலைகீழாகத் தொங்கியபடி, குளிர்நீரில் இதை ஒருவர் செய்துமுடிப்பார் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

இறுகாத கதவும் உடனே திறந்துவிடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் அழுத்துகிறது. அரைச் சதுர மீட்டர்க் கதவை வெளியிலிருந்து அரை டன் பாரம் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நீர் நிறைந்து இருபுறமும் அழுத்தம் சமமாகும்வரை காத்திருக்கவேண்டும். குளிர்நீரிலோ, சாதாரணமாக ஒரு நிமிஷம் மூச்சடக்கக்கூடியவருக்கும் சில விநாடிகளே கிட்டும். இதனாலேதான் உள்ளிருந்து தள்ளியதும் முழுதாகக் கழன்று விழும் ஜன்னல்கள், சாட்டர்னா விபத்துக்குப் பிறகு, பீவர் விமானத்துக்காகத் தயாராயின.

பயிற்சியாளர்கள் வற்புறுத்தும் முறை விசித்திரமானது. விமானத்தின் ஆட்டம் நிற்கும்வரை இருக்கையிலேயே இருக்கவேண்டும். ஒரு கையால் கதவின் கைப்பிடியையோ ஜன்னல் சட்டத்தையோ பற்றி, வழியைத் திறந்த பின்னரே மறுகையால் பெல்ட்டைக் கழற்றவேண்டும். பதற்றத்தில் பெல்ட்டை முதலில் கழற்றியவரின் உடல் மிதந்து எழும்பிவிடும்; தலைக்குமேல் இருப்பது கூரையா தரையா என்பது விளங்காமல், கையெட்டும் தூரத்திலிருந்த கதவையே அவர் தேடித் திரிவார். மிதவை அங்கியை உள்ளேயே ஊதிவிடுவதும் அதே விபரீதத்தில் கொண்டுபோய் விடும். 1996-இல் கொமோரோ தீவருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில், வெளியேறுமுன்னே அங்கியை ஊதிக்கொண்ட பலர் அதனாலேயே சிக்குண்டு மாண்டனர்.

சிறிய வணிக மிதவை விமானங்களில் பிரயாணிகள் மிதவைச் சாதனத்தை அணிந்தே பறக்கவேண்டும் என்றும், விமானிகள் நீருக்கடியிலிருந்து வெளியேறப் பயிலவேண்டும் என்றும் கனடா 2019-இல் விதி செய்தது. நல்ல விதிதான், ஆனால் அந்த அங்கி, வெளியே வந்தவருக்கு மட்டுமே உதவும். எல்லா வணிக மிதவை விமானங்களிலும் விரைந்து வெளியேறும் வழிகள் வேண்டும் என்ற வாரியத்தின் சிபாரிசு அவ்விதிகளில் இடம்பெறவில்லை. பழைய விமானங்களுக்குப் புது ஜன்னல் பொருத்துவது உடைமையாளர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகையால், அத்தகைய விமானத்தில் ஏறும் பிரயாணி, தம் இருக்கைக்கு அருகிலுள்ள கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் புறப்படுமுன் விமானியிடம் கேட்டு, ஒருமுறை தம் கையாலேயே திருப்பிப் பார்ப்பதில் கூச்சப்படவேண்டியதில்லை.