வீட்டில் பிரசவம்: எந்தப் பயிற்சி வகுப்பை நம்பலாம்?

இங்கிலாந்தில் கருவுற்ற பெண்ணிடம் மிட்வைஃப் எனப்படும் பேறுகாலச் செவிலி தொடக்கத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, "குழந்தையை எங்கே பெற்றுக்கொள்ள நினைக்கிறீர்கள்?" என்பது. டாக்டர்கள் இருக்கும் பிரசவ வார்டு, அதே வளாகத்தில் மிட்வைஃப்களே நடத்தும் பிரிவு, ஊருக்குள் தனியாக இயங்கும் பர்த் சென்டர், சொந்த வீடு என நான்கு இடங்கள் உண்டு. இருக்கும் ஊரைப் பொறுத்து இவற்றில் சிலவோ எல்லாமோ கிடைக்கும். வீட்டைத் தேர்ந்தெடுத்தாலும் மிட்வைஃப் வந்து பிரசவம் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஏற்றுக்கொள்கிறது.

வீட்டில் பெற்றுக்கொள்பவர்கள் அங்கே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுந்தால் ஊரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கும் அம்மா பதறிப்போவார். "நாங்களெல்லாம் வீட்டில்தான் பிறந்தோம், என்ன ஆகிவிட்டது?" என்று இன்னொரு பெரியவர் சொல்வார். இரண்டு பேச்சுக்கும் நடுவே நிற்கும் பெண், வழிகாட்ட ஒரு வகுப்பைத் தேடுவாள். தேடினால் வகுப்புகளுக்குக் குறைவே இல்லை. எதில் சேர்வது என்பதில்தான் சிக்கல்.

என்னைக் கேட்டால் ஒரே உரைகல்தான் சொல்வேன். மருத்துவமனையைப் பற்றி அந்த வகுப்பு எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். வீட்டில் பெற்றுக்கொள்ளச் சொல்லித்தரும் வகுப்பு, வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நேரத்தையும் அதே அக்கறையோடு சொல்லித்தர வேண்டும்.

வகுப்புக்கு முன்னால் உடம்பு

வகுப்பில் சேருவதற்கு முன், வீடு உங்களுக்கு ஏற்ற இடமா என்பதை மிட்வைஃபோடும் தேவைப்பட்டால் டாக்டரோடும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், போன பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு கண்டவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் இருக்கும் வார்டையே பரிந்துரைப்பார்கள். 37 வாரம் முடிவதற்குள் வலி கண்டாலும் மருத்துவமனைதான்.

நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது சர்க்கரை. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் இங்கிலாந்தில் நம் பெண்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிக்கிறார்கள். அந்த முடிவு வந்த பிறகு பிரசவ இடத்தைப் பற்றிய பேச்சே மாறிவிடலாம். எங்கே பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அங்கே பெண்ணுக்குத்தான். ஆனால் தன் உடல் நிலையை முழுதும் அறிந்த பிறகுதான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு.

எண்கள் சொல்வது

இங்கிலாந்தில் சிக்கல் குறைந்த சுமார் 64,000 பிரசவங்களைப் பின்தொடர்ந்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. ஏற்கெனவே குழந்தை பெற்ற பெண்களுக்கு, வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டதால் குழந்தைக்குப் பாதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. முதல் பிரசவம் என்றால் கதை வேறு. குழந்தை இறப்பு, மூளைப் பாதிப்பு, பிறக்கும்போது ஏற்படும் சில காயங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், மருத்துவமனை வார்டில் ஆயிரத்துக்கு 5.3 என்றிருந்தது, வீட்டைத் திட்டமிட்டவர்களிடம் 9.3 ஆக இருந்தது. மிட்வைஃப்கள் நடத்தும் பிரிவுகளிலும் பர்த் சென்டர்களிலும் முதல் பிரசவத்துக்குக்கூட இந்த வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொரு எண்ணும் அதே ஆய்வில் உண்டு. எந்த வகுப்பிலும் முதல் நாளே சொல்லப்பட வேண்டிய எண் அது. வீட்டில் தலைப்பிரசவம் என்று திட்டமிட்ட பெண்களில் நூற்றுக்கு 45 பேர், பிரசவத்தின்போதோ குழந்தை பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 12 பேர். பெரும்பாலும் ஆபத்தான நிலைமை இல்லை; வலி முன்னேறாமல் நின்றுபோனதுதான் முதன்மையான காரணம். வீட்டில், மூச்சோடு இழுத்து வலியைக் குறைக்கும் கேஸ் அண்ட் ஏர் கிடைக்கும்; முதுகில் செலுத்தி வலியை மரக்கச் செய்யும் எபிடூரல் கிடைக்காது. அது வேண்டும் என்றாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

தலைப்பிரசவக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆம்புலன்ஸில் ஏறுகிறார்கள் என்றால், அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசாத வகுப்பு பாதிப்பேரைத் தயார்செய்யாமலே அனுப்புகிறது. "நம்பிக்கையோடு இருந்தால் உடம்பு பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் கேட்டுப் பழகியவள், கிளம்ப வேண்டி வரும்போது தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள். குழந்தை நலமாகப் பிறந்த பின்பும் மாதக்கணக்கில் அந்த நினைப்பைச் சுமக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டது வகுப்புதான்.

பல பெயர்கள், பல முறைகள்

என்.எச்.எஸ். வகுப்புகள் இலவசம். பொதுவாக மிட்வைஃப்களே நடத்துவார்கள். உங்கள் பகுதியில் வீட்டுக்கு வரும் குழுவைப் பற்றியும் எந்த மருத்துவமனைக்கு மாற்றுவார்கள் என்பதைப் பற்றியும் அவர்களுக்கு நேரடியாகத் தெரியும். 1956-இல் தொடங்கிய என்.சி.டி. என்ற அறக்கட்டளையின் வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. சிறு குழுவாக, பக்கத்துத் தம்பதிகளோடு பழகும் வாய்ப்போடு நடப்பவை. தன்வசியத்தால் தளரப் பழக்கும் ஹிப்னோபர்த்திங் வகுப்புகள் தனியாக நடத்தப்படுபவை பல. பயம் வலியைக் கூட்டுகிறது என்று 1930-களிலேயே எழுதிய ஆங்கிலேய டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீடின் சிந்தனையில்தான் அவற்றின் வேர் இருக்கிறது. மூச்சுப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற லமாஸ் முறையும், கணவரைத் துணையாளராகப் பழக்கும் பிராட்லி முறையும் அமெரிக்காவில் கூடுதலாகப் பரவியவை.

மூச்சும் தளர்வும் நல்லவையே. பயம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின் பிரசவத்தைத் தாமதப்படுத்தக்கூடும். அமைதியான சூழலில் ஆக்சிடோசின் தடையின்றிச் சுரக்கிறது. ஆனாலும் எந்த முறையும் வலி இல்லாத பிரசவத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. தன்வசியப் பயிற்சியைப் பற்றி 2015-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், பயிற்சி பெற்றவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் எபிடூரல் கேட்டார்கள். பிரசவத்தின்போது எதிர்பார்த்ததைவிடப் பயம் குறைவாக இருந்ததாகப் பயிற்சி பெற்றவர்கள் சொன்னார்கள். அதுவும் ஒரு பயன்தான். அதற்கு மேல் வாக்குத் தருகிறவரை நம்ப வேண்டாம்.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும்

நான் உட்கார்ந்து கவனித்த ஒரு வகுப்பில், சொல்லித்தந்த மிட்வைஃப் அரை லிட்டர் ஜாடி நிறையச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் கொண்டுவந்திருந்தார். பிரசவத்தின்போது அடியில் விரிக்கும் பஞ்சு விரிப்பை மேஜையில் போட்டு அதன்மேல் மெதுவாக ஊற்றினார். சிவப்பு விரிப்பின் ஓரம் வரை பரவியது. கணவர்களில் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். "இது 500 மில்லி. பார்க்க நிறையத் தெரிகிறது. இதைத் தாண்டினால் எங்கள் குரல் மாறும். ஊசி போடுவோம், வயிற்றைத் தேய்ப்போம், ஆம்புலன்ஸுக்கு 999-ஐக் கூப்பிடச் சொல்வோம். அப்போது என்ன ஆச்சு என்று கேட்டு நிற்காமல் வாசல் கதவைத் திறந்துவையுங்கள்" என்றார். பிறகு ஒவ்வொரு தம்பதியையும் தங்கள் வீட்டுப் படிக்கட்டைக் காகிதத்தில் வரையச் சொன்னார். லண்டனின் பழைய வீடுகளில் மாடிப்படி ஓர் ஆள் அகலத்துக்குத்தான் இருக்கும். மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் இருந்த பெண் வரைந்து முடித்துவிட்டு, "அப்படியானால் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா வீட்டில் பெற்றுக்கொள்கிறேன்" என்றாள். பாதுகாப்பைப் பற்றி அன்று எடுக்கப்பட்ட நல்ல முடிவு அது.

நான் எதிர்பார்க்கும் பயிற்சி இந்தத் தரத்தில் இருக்க வேண்டும். பொய்வலிக்கும் உண்மை வலிக்கும் வேறுபாடு, எப்போது மிட்வைஃபைக் கூப்பிடுவது, வலியின்போது முழங்காலூன்றியும் நின்றும் சாய்ந்தும் இருக்கப் பழகுவது, நஞ்சுக்கொடி வெளியேறும் கட்டத்தில் ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதெல்லாம் அதில் அடங்கும். குழந்தையின் இதயத் துடிப்பை ஏன் வலியின் முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்கிறார்கள் என்பதையும் விளக்க வேண்டும். அந்தத் துடிப்பில் மாற்றம் தெரிந்தால் கிளம்ப வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பெண், அந்த நேரத்தில் வாதாட மாட்டாள்.

பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், ரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், கடும் தலைவலியும் கண் மங்கலும் வந்தால் உடனே அழைக்க வேண்டும். நீர் உடைந்ததும் தொப்புள்கொடி முன்னே வந்துவிட்டால் 999-ஐ அழைத்துவிட்டு, முழங்காலூன்றித் தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி இருக்க வேண்டும். இவற்றை வகுப்பில் வாயால் சொன்னால் போதாது. செய்து பார்க்க வைக்க வேண்டும்.

கணவரும் அம்மாவும்

பிரசவம் முழுவதும் ஒருவர் விட்டு விலகாமல் துணையிருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சற்றே குறைகிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பீட்டின் முடிவு இது. எனவே துணையிருப்பவருக்கும் வகுப்பு வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் ஒரு நாளாவது அழைத்துப் போங்கள். அவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். உங்களுக்கே மொழிபெயர்ப்பு தேவை என்றால் என்.எச்.எஸ்ஸில் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. பதற்றத்தோடு பக்கத்தில் நிற்கும் அம்மாவைவிட, என்ன நடக்கிறது என்று புரிந்த அம்மா மகளுக்குப் பெரிய பலம்.

கற்றுத்தருபவர் யார்?

இங்கிலாந்தில் மிட்வைஃப் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. அவசர நிலை தவிர, பதிவு பெற்ற மிட்வைஃபோ டாக்டரோ அல்லாதவர் பிரசவம் பார்ப்பது குற்றம். ஆனால் பிரசவ வகுப்பு நடத்துபவருக்கும், பிரசவத்தில் துணையிருக்கும் டூலாவுக்கும் அப்படி ஒரு சட்டப் பதிவு இல்லை. யாரும் தொடங்கலாம். அதனால் கேளுங்கள்: பயிற்சி எங்கே பெற்றீர்கள்? எத்தனை பிரசவங்களில் கூட இருந்திருக்கிறீர்கள்? உங்கள் வகுப்பில் படித்து மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள் என்ன சொன்னார்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் சேர வேண்டாம். ஸ்கேன் வேண்டாம், சோதனை வேண்டாம், தடுப்பூசி வேண்டாம் என்று தொடங்குபவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு

இவ்வளவும் பயிற்சி பெற்ற மிட்வைஃப், அவர் பையில் மருந்து, அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ், காத்திருக்கும் மருத்துவமனை என்ற ஏற்பாடு உள்ள நாட்டைப் பற்றியது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு மிட்வைஃபை அனுப்பிப் பிரசவம் பார்க்கும் அரசு ஏற்பாடு இல்லை. 2018-இல் திருப்பூரில் ஓர் இளம் பெண், யூடியூப் காணொலிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவத்துக்கு முயன்ற பின் ரத்தப்போக்கில் உயிரிழந்தார். அடுத்த சில வாரங்களில், மருந்தில்லா வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாகக் கோவையில் விளம்பரம் செய்த ஒருவர் கைது செய்யப்பட்டார். காணொலி ரத்தத்தை நிறுத்தாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடக்கின்றன. இங்கே இயல்பான பிரசவம் வேண்டும் என்று விரும்புபவர்கள், அதற்கு இடம் கொடுக்கும் மருத்துவமனையைத் தேடுங்கள். மூச்சுப் பயிற்சியையும் நடையையும் அங்கேயே கொண்டுபோங்கள்.

எப்போது சேர்வது

இங்கிலாந்தில் வகுப்புகள் பெரும்பாலும் 30 முதல் 32 வாரத்தில் தொடங்கும். இரட்டைக் குழந்தை என்றால் 24 வாரத்திலேயே. இடங்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் முன்கூட்டியே பெயர் கொடுங்கள். மிட்வைஃபோ டாக்டரோ பரிந்துரைத்த வகுப்பு என்றால், வேலைக்குப் போகும் பெண் சம்பளத்தோடு அந்த நேரத்துக்கு விடுப்பு கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆள் பற்றாக்குறையால் வீட்டுப் பிரசவ சேவை சில நேரங்களில் நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. ஆகவே வகுப்பு எதுவானாலும், மருத்துவமனைப் பையை 36 வாரத்துக்குள் கட்டி வாசல் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.