காட்டுத்தீ சொன்ன வைத்தியம்!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்ன டெஸ்ட். ஊரெல்லாம் பெரியம்மை பரவுது. உங்க கையில் இருக்கிற தடுப்பு மருந்தோ கொஞ்சம்தான். யாருக்குப் போடுவீங்க? முதல்ல வந்தவங்களுக்கா? குழந்தைகளுக்கா?

1966 டிசம்பர். கிழக்கு நைஜீரியாவில் இந்தக் கேள்வியோடு தவித்தார் வில்லியம் ஃபேகி. அமெரிக்க டாக்டர், வயது 30. எல்லோருக்கும் தடுப்பூசி போட்டால்தான் பெரியம்மை ஒழியும் என்பது அன்றைய பாடம். அவ்வளவு மருந்துக்கு எங்கே போவது?

அப்போது கைகொடுத்தது, அவர் படித்த மருத்துவப் புத்தகம் இல்லை. சின்ன வயசில் பார்த்த வேலை! காட்டுத்தீயை அணைக்கும் குழுவில் இருந்தவர் அவர். காடு முழுக்கவா தண்ணீர் ஊற்ற முடியும்? எரிகிற இடத்தைச் சுற்றி, தீப்பிடிக்கக் கூடியதையெல்லாம் அகற்றிவிட்டால் தீ அடங்கிவிடும். அம்மைக்கும் அதையே செய்தால் என்ன?

மேப்பை விரித்தார். அந்தப் பகுதி மிஷனரிகளை ரேடியோவில் பிடித்தார். கிராமம் கிராமமாக ஆள் அனுப்பி, எங்கே அம்மை இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். நோய் இருந்த ஊர்களிலும், அங்கிருந்து ஜனங்கள் சந்தைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்வரும் ஊர்களிலும் மட்டும் ஊசி. சில வாரங்களில் பரவல் நின்றது. பாதிப் பேருக்குக்கூட ஊசி போடாமலே!

எப்படி? பெரியம்மை வந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தொற்றிய சில நாட்களுக்குள் ஊசி போட்டாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஆக, ஆளைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் மேட்டர்.

அடுத்து இந்தியா. 1974-ல் பீகாரில் நோய் உச்சத்தில் இருந்தது. ‘பழையபடி எல்லோருக்கும் போடுவோம்’ என்ற முடிவுக்கே வந்துவிட்டார் மாநில அமைச்சர். அந்தக் கூட்டத்தில் எழுந்தார் ஒரு இளம் இந்திய டாக்டர். எங்க ஊர்ல ஒரு வீடு எரிஞ்சா அந்த வீட்டுக்குத்தான் தண்ணி ஊத்துவோம், எல்லா வீட்டுக்கும் இல்லை என்கிற அர்த்தத்தில் பேசினார். ஒரு மாத அவகாசம் கிடைத்தது. அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள் சுகாதார ஊழியர்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மைக்கு முற்றுப்புள்ளி. 1980-ல் உலகத்துக்கே!

ஃபேகி 1977-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் ஆனார். 2012-ல் அந்நாட்டின் உயரிய ‘சுதந்திரப் பதக்கம்’ பெற்றார். பீகாரில் எழுந்து பேசிய அந்த டாக்டரின் பெயரோ நமக்குத் தெரியாது. ஆனால் அன்று அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்?

பப்ளிக் ஹெல்த் என்றால் ஸ்டெதாஸ்கோப் மாட்டியவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீங்க. மேப் போட ஜியாக்ரபி, கணக்குப் பார்க்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கதவைத் தட்டிப் பேச சோஷியல் ஒர்க்... எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் இதில் இடம் உண்டு.

இன்னொண்ணு. வர்ற லீவுல கிடைக்கிற சின்ன வேலையை ‘இதெல்லாம் ஒரு வேலையா’ன்னு தள்ளிடாதீங்க. எது, எங்கே, எப்போ கைகொடுக்கும்னு யார் கண்டது?