வழிப்பயணமும் செவியின்பமும்

நெடுவழி செல்லும் மனிதன் வெறுஞ் செவியோடு செல்ல விரும்புவதில்லை. கால்நடையாகப் போனாலும் வண்டியேறிப் போனாலும், வழியின் நீளத்தை மறப்பதற்கு அவனுக்கு ஏதேனும் ஓர் ஓசை வேண்டும். பேச்சுத் துணை வாய்த்தால் பேசுவான், வாய்க்காவிட்டால் பாடுவான், பாட வராவிட்டால் பிறர் பாடுவதைக் கேட்பான். இன்று மோட்டார் சைக்கிளில் புறப்படும் இளைஞன் இரு காதுகளிலும் இயர்போனைச் செருகிக்கொள்வதும் இந்தப் பழைய வழக்கத்தின் புதிய வடிவமேயாகும். ஆயினும் பழைய வழக்கத்துக்கும் புதிய வடிவத்துக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. அது சிறிதுபோலத் தோன்றினாலும் உயிரோடு தொடர்புடையது.

அந்த வேற்றுமையை விளங்கிக்கொள்ள மாட்டு வண்டிக் காலத்திலிருந்து தொடங்குதல் நன்று. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் அமைக்கப்பட்டது. கண்டிக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது 1867ஆம் ஆண்டில். அதுவரையில் மலைநாட்டுத் தோட்டங்களின் கோப்பி மாட்டு வண்டிகளிலேதான் துறைமுகத்தை நோக்கி இறங்கியது; அரிசியும் பிற பண்டங்களும் அதே வண்டிகளில் மலை ஏறின. பகல் வெயிலில் காளைகள் களைத்துவிடும் ஆகையால் வண்டிக்காரர் பெரும்பாலும் இரவிலே பயணஞ் செய்தனர். நித்திரை ஒருபுறம், காட்டு வழியின் அச்சம் மறுபுறம். இரண்டையும் விரட்டுவதற்கு அவர்கள் பாடினர். சிங்கள மக்கள் ‘கரத்தைக் கவி’ என்று போற்றும் வண்டிக்காரர் பாடல்கள் இவ்வாறு தோன்றியவை. யாழ்ப்பாணத் தமிழரும் வண்டியைக் கரத்தை என்று வழங்குவதுண்டு. இச்சொல்லை இரு மொழிக்கும் தந்தவர் போர்த்துக்கேயர். காளைகளை விளித்து அவற்றின் களைப்புக்கு இரங்குவதும், எதிரே நிற்கும் அப்புத்தளை மலையின் ஏற்றத்தை எண்ணி ஏங்குவதும் இப்பாடல்களின் பொருளாக அமைந்துள்ளன. நீட்டி நீட்டி இசைக்கும் அவற்றின் மெட்டு, மெல்ல நகரும் மாட்டின் நடைக்குப் பொருந்தியது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வண்டிக்காரன் வாயினாலே பாடினான். அவன் செவி திறந்தே இருந்தது. அச்சு முனகினால் அது அவனுக்குக் கேட்டது. பின்னால் வரும் வண்டியின் மாட்டுமணியும் கேட்டது. அவன் பாட்டோ முன்னும் பின்னும் செல்வோருக்குக் கேட்டது. ஒரு வண்டி வருகிறது என்ற அறிவித்தலாகவும் அது பயன்பட்டது. பாட்டு அவனை வழியிலிருந்து பிரிக்கவில்லை, வழியோடு இணைத்தது.

பாடும் வாய்க்குப் பதிலாகப் பாடும் பெட்டி வந்தது இருபதாம் நூற்றாண்டில். அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு கல்வின் என்பவரது நிறுவனம் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் மோட்டார் வண்டிக்குரிய வானொலியை விற்கத் தொடங்கியது. அக்காலத்து வானொலி வால்வுகளைக் கொண்டு இயங்கியது. அது பருத்தது, மின்சாரத்தை மிகுதியாக உண்பது. மோட்டார் வண்டிக்கு ஏற்றதேயன்றித் துவிச்சக்கர வண்டிக்காரனுக்கு எட்டாதது. 1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதும், 1954இல் டிரான்சிஸ்டரால் இயங்கும் முதலாவது கையடக்க வானொலி அமெரிக்கச் சந்தைக்கு வந்ததும் இந்நிலையை மாற்றின. சட்டைப்பைக்குள் அடங்கும் வானொலி எந்த வாகனத்திலும் ஏறியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியிருந்தது. கடல் கடந்து தென்னிந்தியாவிலும் அதன் பாடல்களுக்குக் காத்திருந்தோர் பலர். பஸ் வண்டியிலும் தேநீர்க் கடை வாசலிலும் ஒலித்த திரைப்பாடல், ஒருவருடைய உடைமையாக இராமல் வழிச்செல்வோர் அனைவருக்கும் பொதுவாயிற்று. கிரிக்கெட் போட்டி நடைபெறும் நாளில், பஸ்ஸில் ஒலிக்கும் நேர்முக வருணனையை அறியாதவர் அறிந்தவரோடு சேர்ந்து கேட்பது இந்நாட்டில் பழகிய காட்சி.

துவிச்சக்கர வண்டிக்கும் வானொலிக்கும் உள்ள உறவிலே யாழ்ப்பாணத்துக்குத் தனியான ஓர் அத்தியாயம் உண்டு. 1990களில் போரினால் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்தது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் சேர்ந்திருந்தன. அந்நாளில் மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினர். ஒருவர் கையினாலே மிதியைச் சுழற்றினார். முன்விளக்குக்கு ஒளி தரும் டைனமோ அப்போது வானொலிக்கு உயிர் தந்தது. இவ்வகை டைனமோ பொதுவாக 6 வோல்ற் அழுத்தத்தில் 3 வாற் மின்வலுவைத் தருவது. சிறிய வானொலிக்கு அது தாராளமாகப் போதும். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஆதலால் ஒருவர் களைத்ததும் மற்றொருவர் மாறினார். கேட்பது தனியொருவரின் இன்பமன்று, கூடிச் செய்யும் ஒரு காரியம் என்பதை அந்த நகராத சைக்கிள் காட்டிற்று.

கேட்டலைத் தனியொருவருக்கு உரியதாக்கிய கருவி 1979ஆம் ஆண்டு யப்பானில் சோனி நிறுவனம் வெளியிட்ட ‘வோக்மன்’ ஆகும். அதன் முதல் மாதிரியில் வியக்கத்தக்க இரு அமைப்புகள் இருந்தன. இருவர் சேர்ந்து கேட்பதற்கு இரண்டு துளைகள் வைக்கப்பட்டிருந்தன. செம்மஞ்சள் நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதனை அழுத்தினால் இசை தணிந்து, சிறிய ஒலிவாங்கியின் வழியாக அயலிலுள்ளோர் பேச்சுக் கேட்கும். காதை முற்றாக மூடிவிடுவது முறையாகாது என்ற தயக்கம் அக்கருவியைச் செய்தவர்களுக்கே இருந்ததென்பதற்கு இது சான்று. பின்வந்த கருவிகளில் அந்தப் பொத்தான் மறைந்துபோயிற்று. இன்று கைத்தொலைபேசியும் இயர்போனும் உலகத்துப் பாடல்களையெல்லாம் காதின் உள்ளே கொண்டுவந்து வைக்கின்றன. வீதியை மட்டும் வெளியே நிறுத்திவிடுகின்றன.

வீதியின் ஓசை ஓட்டுநருக்கு எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண் முன்னே உள்ளதைக் காணும். பின்னே உள்ளதைக் காணாது. செவிக்கோ முன்பின் என்ற வரையறை இல்லை, இமையும் இல்லை. வலப்புறத்து ஓசை வலக் காதை முதலில் எட்டுகிறது. அது இடக் காதை எட்டும் வரையில் கழியும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அந்த நுண்ணிய வேற்றுமையைக் கொண்டே மூளை ஓசை வந்த திசையை அறிந்துவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடக்கிறான். பின்னால் வருவது யாதென ஒரு செக்கன் திரும்பிப் பார்த்தாலும் அத்தனை தூரத்தைப் பாராமலே கடந்தவனாவான். லொறியின் இரைச்சலைச் செவி முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அவன் திடுக்கிட்டுத் திரும்ப வேண்டுவதில்லை. இரு காதுகளையும் இசையால் அடைத்தவன் இந்தக் காவலாளியை வேலையிலிருந்து நீக்கியவனாகிறான்.

வாகனமும் பேசுவதுண்டு. அனுபவமுள்ள மோட்டார் சைக்கிளோட்டி கியர் மாற்ற வேண்டிய நேரத்தை இயந்திரத்தின் சுருதியைக் கேட்டே அறிகிறான். சங்கிலி தளர்ந்ததும் பிறேக் தேய்ந்ததும் முதலில் ஓசையாகவே வெளிப்படுகின்றன. இக்காரணத்தால், இயந்திரத்தின் சீரான முழக்கமே தமக்குச் சிறந்த சங்கீதம் என்று வேறெதனையும் கேளாது செல்வோரும் உளர்.

இனி, பாட்டை உரக்க வைப்பதால் நேரும் தீங்கைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றரைத் தாண்டியதும், தலைக்கவசத்தில் மோதிச் சுழலும் காற்றின் ஓசை இயந்திர ஓசையை விஞ்சிவிடுகிறது. 100 கிலோமீற்றர் வேகத்தில் அது 90 டெசிபெல்லைக் கடக்கிறது. அந்த இரைச்சலுக்கு மேலாகப் பாட்டுக் கேட்க வேண்டுமாயின் பாட்டை அதனினும் உரக்க வைக்க வேண்டும். தொழிலாளர் நலம் பற்றி ஆராயும் அமெரிக்க அரச நிறுவனம், 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்று விதந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். இக்கணக்கின்படி 100 டெசிபெல்லுக்கு இடமளிக்கப்படும் நேரம் 15 நிமிடம் மட்டுமே. கொழும்பிலிருந்து கண்டி செல்லும் தூரத்தை நோக்க இது எம்மாத்திரம்! இவ்வாறு இழந்த செவிப்புலன் மீள்வதில்லை.

பாட்டின் விரைவும் ஓட்டத்தை மாற்றவல்லது. இஸ்ரவேல் நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர் வாரன் புரொட்ஸ்கி, ஓட்டுவது போன்ற பாவனைப் பொறியில் மாணவரை அமர்த்திச் செய்த ஆய்வை 2001இல் வெளியிட்டார். இசையின் காலப்பிரமாணம் விரைவுபட ஓட்டும் வேகமும் கூடியது. சிவப்பு விளக்கை மீறுதல் போன்ற தவறுகளும் பெருகின. பைலாவின் துள்ளல் மேடையில் இனிது. வளைவுகள் மலிந்த மலைப்பாதையில் அது காலை உந்தும். கரத்தைக் கவியின் நீண்ட மெட்டு மாட்டின் நடைக்கு ஒத்திருந்ததன் பொருத்தம் இங்கே விளங்கும்.

பாட்டினும் பேச்சு மனத்தை ஆழமாகப் பற்றும். அதிலும், அருகிலுள்ளவன் பேச்சு வேறு. தொலைபேசியில் வரும் பேச்சு வேறு. பின்னாசனத்தில் இருக்கும் நண்பன் வீதியைத் தானும் காண்கிறான். சந்தி நெருங்கினால் தானாகவே பேச்சை நிறுத்துவான். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவனுக்குச் சந்தி தெரியாது. அவன் மறுமொழியை எதிர்பார்த்துக் கொண்டேயிருப்பான்.

இவற்றையெல்லாம் கருதியே சில நாடுகள் சட்டம் செய்துள்ளன. பிரான்சு நாட்டில் 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாக, வாகனமோட்டுவோரும் சைக்கிளில் செல்வோரும் காதுக்குள் இயர்போன் அணிவது தடுக்கப்பட்டுள்ளது. தலைக்கவசத்திலே பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிக்குத் தடையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இரு காதுகளையும் அடைப்பதை விலக்குகிறது. ஒரு காதில் கேட்பதை விலக்கவில்லை. இச்சட்டங்கள் பாட்டைப் பகைக்கவில்லை. செவியில் வீதிக்கும் ஒரு பங்கு விட வேண்டுமென்றே கேட்கின்றன.

வழிச்செல்வோர் எதைக் கேட்கலாம் என்ற வினாவுக்கு விடை இதிலிருந்தே கிடைக்கிறது. பழகிய பாட்டு நல்லது. அது கவனத்தைப் பிடித்திழுக்காது, நித்திரையை மட்டும் விலக்கும். மெல்லிய இசை நல்லது; ஹோர்ன் ஒலியை அது மறைக்காது. சந்தியிலும் பாடசாலை வாசலிலும் எதுவுங் கேளாதிருத்தல் நல்லது. எல்லாவற்றினும் செலவற்றது, முன்னோர் செய்தது போலத் தானே பாடிச் செல்வது. சுருதி பிசகினாலும் அதனால் எவருக்கும் அபாயமில்லை.

காலத்தின் சுழற்சியைக் காட்டும் செய்தியொன்று உண்டு. மின்சாரத்தால் இயங்கும் புதிய மோட்டார் வண்டிகள் குறைந்த வேகத்தில் ஓசையின்றி நகர்கின்றன. பார்வையற்றோரும் சிறுவரும் அவற்றின் வருகையை அறியாது இடர்ப்படுவர் என்று கண்ட ஐரோப்பிய ஒன்றியம், இவ்வண்டிகள் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம் வரையில் செயற்கையாக ஓர் ஓசையை எழுப்ப வேண்டுமென விதித்தது. 2019இல் புதிய மாதிரிகளுக்கும் 2021இல் புதிய வண்டிகள் அனைத்துக்கும் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. விஞ்ஞானிகள் கருவி அமைத்து இன்று செய்வதை, அன்று காளையின் கழுத்திலே கட்டிய மணி செய்துகொண்டிருந்தது. அந்த ஓசை பயன்பட வேண்டுமாயின் வீதியில் அதனைக் கேட்பதற்குத் திறந்த செவியும் இருத்தல் வேண்டும்.