பெட்ரோலிற் கலக்கும் எரிசாராயம்

மூலனூர்ச் சந்தைக்குப் பருத்தியும் முருங்கையும் ஏற்றிச் செல்லும் சிறு லாரிகளுள் பெட்ரோலில் ஓடுவனவற்றிற்கே இவ்விஷயம் பொருந்தும், டீசல் வண்டிகளுக்கன்று. மோட்டார்களில் எரிசாராயம் உபயோகிப்பது புதிதன்று. 1948-லேயே இந்திய சர்க்கார் இதற்கெனச் சட்டமியற்றினர். 2025-ல் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டிற்று. ஆலைக் கழிவுப்பாகேயன்றி மக்காச்சோளமும் இதற்கு மூலப்பொருளாதலால், அத்தானியத்தைக் கொள்வோர் பெருகியுள்ளனர். குடியானவர்களுக்கு இது அனுகூலமே.

எனினும் எரிசாராயத்தின் உஷ்ணசக்தி பெட்ரோலினதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கேயாகையால், வண்டி ஓடும் தூரம் சற்றுக் குறையும். அதனினும் கவனிக்கத்தக்கது நீர். சாராயம் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. தொட்டியில் நீர் மிகுந்தால், சாராயம் அதனுடன் பிரிந்து அடியில் தங்கி எஞ்சினை நிறுத்திவிடும். ஆதலின் அறுவடையில்லாக் காலத்தில் மாதக்கணக்காய் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தங்கவிடலாகாது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் அடிக்கடி சோதித்து, ஊறி மெலிந்தவற்றை உடனே மாற்றுக.